ஆங்கிலத்தில் நாலெழுத்து

வி, ஏ, எல், ஐ.
பீன்யா இரண்டாம் ஸ்டேஜில்
எங்கள் ஷட்டருக்கு மேல்
மூன்று வருஷமாய் வெயில் காயும் பெயர்.
இணையத்தில் மட்டும் வேறொருவர் கையில்.
திறந்தால் வெள்ளை.
வெள்ளையின் நடுவே ஒரே வரி:
விரைவில் வருகிறோம்.
அந்த விரைவுக்கு வயது ஒன்பது.

தரகர் டாலரில் பேசினார்.
'சின்னப் பேரு சார், எம்.ஜி. ரோட்டில் மனை மாதிரி.'
கணக்கெழுதும் முனிலட்சுமி
தலை நிமிராமல்
'நாற்பத்தொரு எக்ஸாஸ்ட் ஃபேன்' என்றாள்.
தரகரை விட்டோம்.

வரைபடத்தில்
நிரந்தரமாக மூடப்பட்டது என்று
சிவப்பில் கிடந்த கிளினிக்கின் அடியில்
ஒரு கைபேசி எண்.
மூடிய கடையின் எண்ணை
எதற்கும் இருக்கட்டும் என்று அழுத்தினேன்.
எடுத்தார்.

டாக்டர் ஜெசிந்தா, காக்ஸ் டவுன்.
மார்க்கெட் எதிரே, நின்றபடி சாப்பிடும் தர்ஷினியில்
ஒரு பை டூ காபி.
பேரத்துக்கு ஏற்ற ஊர்,
ஒன்றைக் கேட்டால் பாதி பாதியாய்த் தரும்.

'எந்த அர்த்தத்தில் வேணும்?' என்றார்.
காற்று, என்றேன். வளி.
ஆலைக்குள் புழுங்குவதை
வெளியே தள்ளும் விசிறி.
சிரித்தார்.
'எனக்கு அது வலி.
முதுகு, கழுத்து, முழங்கால்.'
போன வருஷம் வந்த டிராவல்ஸ்காரருக்கு
அதுவே வழியாம்.
இஸட் போட்டால் இங்கே எவனும் வாசிக்கமாட்டான் என்று
எல் போட்டு வைத்தவர்.

ல, ள, ழ மூன்றும்
அந்த ஒற்றை எல்லுக்குள்
பாய் விரித்துப் படுத்திருக்கின்றன,
வாடகையை இவர் ஒருவர் கட்ட.

அவருக்கு ஏன் கொடுக்கவில்லை?
'கேட்ட விலைக்கு உடனே சரின்னுட்டார்.
பயந்துட்டேன்.'

ஒன்றரை லட்சம் என்றார்.
நாற்பது என்றேன்.
கிளினிக் நடந்தது பதினான்கு மாதம்.
பெயரைப் புதுப்பித்தது வருஷா வருஷம்.
இரண்டு தடவை தேதி மறந்து அபராதம்.
எல்லாம் கூட்டினாலும்
பத்தாயிரத்தைத் தொடாதே என்று
கணக்கு நாக்கு நுனிவரை வந்தது.
காபியோடு விழுங்கினேன்.
அறுபத்தெட்டில் நின்றது.
காபிக்கு அவரே கொடுத்தார்.

இரவு செய்தி வந்தது: பூட்டைத் திறந்துட்டேன்.
கூடவே பதினாறு எழுத்தில் ஒரு குறியீடு,
எந்த வாயிலும் நுழையாதது.
பணம் நடுவரிடம்.
பெயர் கிளம்பிவிட்டது, வந்து சேரவில்லை.
ஐந்து நாள்
அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.
நடுராத்திரி எழுந்து எழுந்து பார்த்தேன்.
விரைவில் வருகிறோம்
விரைவில் வருகிறோம்

வியாழன் மதியம் வந்தது.
முனிலட்சுமி மைசூர்பாக் வாங்கி வந்தாள்.

அந்தப் பெயருக்கு எது வந்தாலும்
என் பெட்டியில் விழும்படி வைத்திருந்தேன்.
விழுந்த முதல் கடிதம்
ஹோஸ்கோட்டை நஞ்சுண்டப்பா, உடைந்த ஆங்கிலத்தில்:
டாக்டர், நீங்கள் எழுதித் தந்ததைச் செய்து
எட்டு வருஷம் நன்றாயிருந்தேன்.
இப்போது திரும்ப வந்துவிட்டது.
அந்தத் தாள் தொலைந்துவிட்டது.

படித்துக் காட்டினேன்.
மறுமுனையில் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம்.
பிறகு,
'முகவரி உங்களோடது.
பதிலும் நீங்கதான் போடணும். எழுதிக்குங்க.
மல்லாந்து படுக்கணும்.
வலது முழங்காலை நெஞ்சோட அணைக்கணும்.
இருபது எண்ணணும்.
மூச்சை அடக்கக் கூடாது.'

எழுதியது சரியா என்று பார்க்க
அட்டைப் பெட்டியைப் பிரித்து
ஷெட் தரையில் விரித்துப் படுத்தேன்.
மேலே, சோதனை ஓட்டத்தில்
இருபத்துநாலு இஞ்ச் விசிறி.
பத்து. பதினொன்று.
இடுப்பில் எங்கோ
இவ்வளவு நாள் நான் கேட்காத ஓர் எலும்பு
பேச ஆரம்பித்தது.

ரசீதுப் புத்தகத்தோடு வந்த முனிலட்சுமி
குனிந்து பார்த்தாள்.
'என்ன சார், வலியா?'
எந்த லி என்று கேட்க வாயெடுத்தேன்.
பதினான்கு.
எண்ணிக்கை தப்பிவிடும்.