பச்சை அப்படியே இருக்கட்டும்

சோமனூர் ரயில்வே கேட்டுக்கு இக்கட்டால்
சென்னியப்பனின் தறிச் சாமான் கடை.
கடைக்கு ஒரு வெப்சைட் உண்டு.
மாதச் சம்பளத்துக்கு அதைப் பார்த்துக்கொள்பவள் நான்.

எனக்கு முந்தி, ஓர் ஆடியில்,
பீளமேட்டுக் கம்பெனி ஒன்று
ஒரே ராத்திரியில் அதைப் புதுசாக்கியது.
வெடியால திறந்தால் முகப்பு முழுக்க நீல வானம்,
அதில் மெல்ல நகரும் ஒரு நாடா.
அழகுதான்.
பதினோரு நாள் ஒரு ஆர்டரும் இல்லை.
போன் மட்டும் வந்தது:
"ஏனுங், கடைய மூடிட்டீங்களாங்?"

கடை திறந்துதான் இருந்தது.
வாசலைத்தான் காணோம்.

பழையதையே எடுத்து மாட்டிவிட்டு
என்னைக் கூப்பிட்டார் சென்னியப்பன்.
"நாப்பது தறி ஓடுற குடோன்ல
ஒரு பிக்கர் தேஞ்சா
நாப்பதையுமா நிறுத்துவாங்க, அம்மிணி?"
நான் தறி ஓட்டியதில்லை.
தலையை ஆட்டி வைத்தேன்.
வாரத்துக்கு ஒன்று. அதுதான் பேச்சு.

முதல் வாரம்
அடியில் கிடந்த போன் நம்பரை மேலே ஏற்றினேன்.
அடுத்து, பிக்கர் படத்தில்
அளவு தெரியட்டுமென்று
ஓர் ஐந்து ரூபாய்க் காசை வைத்தேன்.
காசும் சேர்ந்து வருமா என்று
அவிநாசியிலிருந்து ஒருவர் கேட்டார்.
பிறகு தேடும் கட்டத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன்:
பிக்கர், பிக்கரு, பிக்கறு, பிக்கிரி
எல்லாம் ஒரே சாமான்தான்.
படங்களின் எடையைக் குறைத்ததில்
கிட்டாம்பாளையத்து ஒற்றைக் கோட்டுச் சிக்னலிலும்
பக்கம் திறந்தது.
மார்கழியில் ஒரு வாரம் ஒன்றும் செய்யவில்லை,
காய்ச்சல்.

நீள நோட்டில் எழுதி வைப்பேன்,
மாற்றியது என்ன, முன்பு எத்தனை, பின்பு எத்தனை.
மூன்று கூடியது. ஒன்று குறைந்தது.
பாதிக்கு மேல்
'அப்படியே' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

ஏழாம் மாதம் எனக்கும் கை அரித்தது.
ஆர்டர் பொத்தானைப்
பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றினேன்.
ஆரஞ்சுதான் கண்ணில் அடிக்குமென்று
எங்கோ படித்த ஞாபகம்.

அந்தத் திங்கள்
சாமளாபுரம் தேவணாத்தாளின் ஆர்டர் வரவில்லை.
எட்டுத் தறிக்காரி, வாரம் தவறாதவர்.
கூப்பிட்டேன்.

"அந்தப் பச்ச எங்க கண்ணு போச்சு?
எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.
படத்தப் பாப்பேன், பச்சயத் தொடுவேன்,
மறுநா சாமான் வந்துரும்.
நேத்துப் பூராத் தேடுனேன்.
போனக் கெடுத்துப்போட்டான்னு
பையனத்தான் வஞ்சேன்."

நான் அதை ஒரு நிறம் என்று நினைத்திருந்தேன்.
அவருக்கு அது ஒரு சொல்,
அந்தப் பக்கத்தில் அவர் படித்த ஒரே சொல்.
பொழுது சாய்வதற்குள் திருப்பி வைத்தேன்.
நோட்டில் அந்த வரிக்கு எதிரே
எண் எதுவும் எழுதவில்லை.

போன வாரம் நவநீதன் வந்தான், கடைக்காரர் மகன்.
லேப்டாப்பில் முழுசாக ஒரு புது வடிவம்.
"மொத்தமா மாத்திரலாங்க்கா,
ஒரு ஞாயித்துக்கெழம போதும்."
நிஜமாகவே நன்றாயிருந்தது.
பொறாமையாகக்கூட இருந்தது.
வரிகளுக்கிடையே அவன் விட்டிருந்த இடத்தில்
கண் கொஞ்சம் உட்கார முடிந்தது.
அந்த இடைவெளியை மட்டும் கேட்டேன்.
முகம் பொக்கென்று போய்விட்டது அவனுக்கு.

நான் சேர்ந்த அன்றைக்குப் பிடித்து வைத்த
பழைய பக்கத்தின் படத்தை எடுத்து
இப்போதையதன் அருகே வைத்துக் காட்டினேன்.
எழுத்து, படம், விலை, வரிசை
எதுவும் அதுவல்ல,
ஒரு பொத்தானைத் தவிர.
"இதெல்லாம் எப்பக்கா மாத்துனீங்க?
நான் தெனமும் பாக்குறனே."

இன்று மாதாந்திர மின்தடை.
ஒன்பதுக்கே தறிகள் நின்று
ஊருக்குக் காது அடைத்ததுபோல் இருக்கிறது.
இந்நேரம் யாரும் ஆர்டர் போட மாட்டார்கள்,
எனக்குத் தோதான வேளை.
பேட்டரி இருபத்திரண்டு சதவீதம்.
வரிகளுக்கு நடுவே நான்கு புள்ளி இடம் விடுகிறேன்.
நவநீதன் பெயரை நோட்டில் எழுதுகிறேன்.
எண்ணுக்கான கட்டம் காலியாகக் கிடக்கட்டும்,
திங்கள்கிழமை
தேவணாத்தாள் விரல் வைக்கும் வரை.