ராக்கெட்

காதர் நவாஸ்கான் சாலை கஃபேயில்
ராக்கெட் என்றால் கீரை.
லேசாகக் கசக்கும். தட்டு நானூற்று எழுபது.
வேலைக்குச் சேர்ந்த அன்று
"தீபாவளி மிச்சமா சார்?" என்றேன்;
மேனேஜர் சிரிக்கவில்லை.

வியாசர்பாடியில்
ஸ்கூல் ஃபீஸ் நோட்டீஸை மடித்து
ராக்கெட் விடுகிறாள் என் யாழிசை.
பரணுக்குள் போய்ச் செருகிக்கொண்டது,
கடைசித் தேதியோடு.

போன வருஷம்
பாட்டில் சாய்ந்து, வானத்துக்கு விட்ட வாணம்
எதிர்மாடிக் கொடிக்குப் போனது.
ரெபேக்கா அக்காவின் புது நைட்டி.
அதோடு பேச்சு நின்றது.

இன்று மாலை மொட்டைமாடிகளில்
தெருவே வடக்கு பார்த்து நின்றது.
ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம்
சத்தமில்லாமல் ஏறியது ஒரு வெள்ளைக்கோடு.

அண்ணாந்தபடியே,
யாரிடம் என்றில்லாமல்,
அக்கா கேட்டாள்:
"இவனுங்களாச்சும் பாட்டில நேரா வெச்சானுங்களா?"