வரிக் கடைசியில் இரண்டு வெற்றிடம்

ஸ்கார்வெய் நகராட்சியில் எனக்கு
வரிப் பிரிவில் வேலை.
ஆண்டுக் கடைசியில் வரி கட்ட யாரும் வருவதில்லை என்பதால்
இந்த வரிகளையும் என் தலையில் கட்டினார்கள்:
தீவின் வரலாறு, நூற்றுப் பதினான்கு பக்கம்,
எண்பத்தேழில் யாரோ தட்டி வைத்த
வெறும் எழுத்துக் கோப்பு.
தடிப்பு இல்லை, சாய்வு இல்லை.
எழுபத்திரண்டாம் எழுத்தில் ஒவ்வொரு வரியும்
சுவரில் முட்டிய ஆடு மாதிரித் திரும்புகிறது.

கிறிஸ்துமஸுக்குள் இணையதளத்தில் ஏற்றவேண்டும்
என்று எழுதியிருந்தான் ஆஸ்பியோர்ன்.
எட்டுத் தீவுகளின் தளங்களுக்கும் அவன் ஒருவன்தான்.

முதல் வாரம் கேள்விக்குறிகளோடு போனது.
தலையில் வட்டம் வைத்த எழுத்து,
வயிற்றில் கோடு கிழித்த எழுத்து, எல்லாமே
கோப்பு கை மாறிய ஏதோ ஓர் இரவில்
கேள்விக்குறியாகிவிட்டன.
எங்கள் ஊரின் பெயரே
தன்னைத் தானே கேட்டுக்கொண்டு நின்றது.
ஒவ்வொன்றாகப் பதில் எழுதினேன்.

பிறகு ஒட்டும் வேலை.
முறிந்த வரியை அடுத்ததோடு சேர்;
இடையில் ஒரு வரி காலியாக இருந்தால் மட்டும்
புதுப் பத்தி.
தேடு, மாற்று, அனைத்தையும்.
ஒரே சொடுக்கில் நான்காயிரம் முறிவுகள் கூடின.
காபி எடுக்கப் போனேன்.
சேமித்துவிட்டுத்தான் போனேன்.

அறுபத்தொன்றாம் பக்கம். பெரும்புயல். திரும்பாத படகு.

ஓலே அன்டோன் எட்வர்ட் மீக்கால் நில்ஸ் சீவெர்ட் ஹில்மார் யென்ஸ் கொர்னேலியுஸ் ஆகிய எழுவர்

என்று ஓடியது பத்தி,
ஒரே மூச்சில், ஒருவர் மேல் ஒருவராக.
காற்புள்ளி கிடையாது.
வரி முறிவுதான் அவர்களுக்குக் காற்புள்ளியாக இருந்திருக்கிறது.
குடும்பப் பெயரும் இல்லை. யார் யாருடைய மகன் என்று
தட்டியவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்,
அப்புறம் என்ன?

எண்ணினேன். பெயர் ஒன்பது.
ஆள் ஏழு.
இங்கே பாதிப் பேருக்கு இரட்டைப் பெயர்.
யென்ஸ் கொர்னேலியுஸ் ஒருவரா, இருவரா?
எட்வர்ட் மீக்கால்?
தப்பாகப் பிரித்தால்
ஒருவனை இரண்டு முறை மூழ்கடிப்பேன்,
இன்னொருவனைப் பிறக்கவே விடமாட்டேன்.

பின்வாங்கும் பொத்தான்
சேமிப்புக்கு முந்தைய காலத்தை மறந்துவிட்டது.
மூலக் கோப்பின் மேலேயே, அதே பெயரில்,
நான்தான் எழுதியிருந்தேன்.

தேவாலயச் சுவரோரம் ஒரு கல் உண்டு.
மதியம் மூன்று மணி. சூரியன் ஜனவரிக்குப் போயிருந்தது.
கார்க் கண்ணாடி சுரண்டும் தகட்டால்
பனியைச் சுரண்டினேன்.
கைப்பேசி வெளிச்சத்தில்
எட்டு வரி.

ஏழு பேருக்கு எட்டு வரியா?
மூக்கு மரத்துப்போகும்வரை நின்றேன்.
கையுறையைக் கழற்றி விரலால் படித்தேன்:
ஏழாவது வரியில் கொர்னே
எட்டாவதில் லியுஸ்.
கல் குறுகல். கொத்தியவனுக்கும் இடம் போதவில்லை.
இணைகோடுகூடப் போடாமல்
முறித்துவிட்டுப் போயிருக்கிறான்.
கல்லறைத் தோட்டத்தில் நின்று
எனக்குச் சிரிப்பு வந்தது.

ஓலே அன்டோன் ஒரே ஆள்.
நில்ஸ் சீவெர்ட் ஒரே ஆள்.
மற்ற ஐவரும் அவரவர் பெயரில் அவரவர்.

இந்தத் தளத்தின் குறிமுறையில்
பத்திக்குள் வரியை முறிக்க வேண்டுமென்றால்
அதன் கடைசியில் இரண்டு வெற்றிடம்.
கண்ணுக்குத் தெரியாது.
ஓலே அன்டோன், இடைவெளிப் பட்டையில் இரண்டு தட்டு.
எட்வர்ட், இரண்டு தட்டு.
கதவைத் தட்டுவது போல என்று எழுதத் தோன்றுகிறது;
அப்படியெல்லாம் இல்லை, விரல் விறைத்திருந்தது,
மீக்காலுக்கு மூன்று விழுந்து
ஒன்றை அழித்தேன்.
கொர்னேலியுஸுக்கு வெற்றிடம் தேவைப்படவில்லை.
அவனுக்குப் பின்னால்
ஒரு முழு வரி காலி.

இரவு ஆஸ்பியோர்னின் செய்தி:
தோரூன், அறுபத்தொன்றில்
வரிக் கடைசிகளில் வெற்றிடம் மிஞ்சிக் கிடக்கிறது,
ஏதோ கைத்தவறு போல.
மொத்தமாகத் துடைத்துவிடவா?

தொடாதே என்று எழுதினேன்.
எழுதியது போதாதென்று பட்டு
அவனை அழைத்தேன்.