காலாவதி

பாசலில் இரவு ஷிப்ட்.
இரண்டாம் பெல்ட்டில் நீலப்பெட்டி,
விலை என் அரைமாதச் சம்பளம்.
நான்காவதில் வெள்ளைப்பெட்டி, மலாவிக்கு, இலவசம்.
மாத்திரை ஒன்றுதான்,
அதே இளமஞ்சள்.

வெள்ளைப்பெட்டியின் தேதி கண்ணில் பட்டது.
விரல்விட்டு எண்ணினேன்:
கப்பலில் ஏழு வாரம்,
துறைமுகத்தில் மூன்று,
மழைச்சேற்றில் லாரிக்கு இன்னும் ஒன்று.
மிச்சம் பதினோரு நாள்.
சிகிச்சையோ ஆறு மாதம்.

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

ஸுர்ப்ரூக் ஓடிவந்தார்.
தானமாய் வந்த குதிரையின் வாயைத்
திறந்து பார்க்கக் கூடாது என்றார், ஜெர்மனில்.
எங்களிடம் அது மாடு, என்றேன்,
பல்லைத்தான் பிடித்துப் பார்க்கிறேன்.

நின்ற பெல்ட்டையே பார்த்திருந்தார்.
பிறகு ஒரு நீலப்பெட்டியைத் திருப்பினார்:
இன்னும் இரண்டரை வருஷம்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
அந்தப் படிவம் எங்கே, கிருபாளினி?

பேனா அவரிடம் இல்லை.
என்னிடம் இருந்தது.