அ முதல் ஈ வரை

நூற்றைம்பது சொற்களுக்குள் அடங்க வேண்டும்.
ஊகம் கூடாது, வாதம் கூடாது,
கிண்டல் கூடவே கூடாது.
அவையின் விதி அப்படி.
ஆபீசர்ஸ் லைன் எம்.பி. அலுவலகத்தில்
மின்விசிறி சத்தத்தை மட்டும் இறக்குகிற ஒரு பிற்பகல்,
இக்பால் பாஷா சொல்லச் சொல்ல
நான் வெட்டிக்கொண்டே வந்தேன்.

காந்தி ரோட்டுப் பின்சந்தில் அவருடைய லாட்ஜ்.
நாற்பத்திரண்டு அறை. ஆள் இருப்பது மூன்றில்.
வங்காள எழுத்துப் பலகையை
வெயில் தவிர யாரும் படிப்பதில்லை.
கடுகெண்ணெயில் மீன் பொரித்த மெஸ்ஸில்
இப்போது எலுமிச்சைச் சாதம்.
'அந்தப் பக்கம் என்னமோ ஆச்சு,
டெல்லியில என்னமோ சொன்னாங்க,
விசா நின்னுபோச்சு.
அரசியல் எனக்குத் தெரியாதும்மா.
மாடிப்படிக்குக் கீழே பதினேழு குக்கர் இருக்கு,
அது தெரியும்.'

குக்கரா?

'ஆறு மாசத்துல திரும்பி வரணும்னு டாக்டர் சொல்லியிருப்பார்.
எதுக்குச் சுமக்கணும்னு
பேரெழுதி ஒட்டி என்கிட்ட விட்டுட்டுப் போவாங்க.
பதினாலாம் நம்பர் ரூம் மொஃபிசுல்,
அவர் பையனுக்கு நெஞ்சுல ஒரு வால்வு மாத்தியாச்சு,
இன்னொண்ணு பாக்கி.
தேதி தாண்டி நாலு மாசம்.'

குக்கரை வெட்டினேன்.
மொஃபிசுலின் மகன் 'நோயாளிகள்' ஆனான்.
பாக்கி வால்வு 'தொடர் சிகிச்சை' ஆயிற்று.
மிஞ்சியது இவ்வளவு:
(அ) அண்டை நாட்டு நோயாளிகளுக்கான விசா
குறைக்கப்பட்டுள்ளதா;
(ஆ) ஆம் எனில், அதன் விவரம்;
(இ) சிகிச்சை பாதியில் நின்றவர்களுக்கு
மாற்று ஏற்பாடு உண்டா;
(ஈ) அந்நாட்டுக்கு நாம் அளித்துவரும் மருத்துவ உதவி எவ்வளவு?

குலுக்கலில் நட்சத்திரம் விழவில்லை.
விழுந்திருந்தால் அமைச்சர் எழுந்து நின்றிருப்பார்,
எம்.பி. ஒரு துணைக் கேள்வி கேட்டிருப்பார்,
அதற்குள் அந்தக் குக்கரை
எப்படியாவது நுழைத்திருப்பேன்.
அன்று வேறேதோ ரகளை.
பதினொன்று ஏழுக்கே அவை கலைந்தது.
மேசை கலையவில்லை.
பதிலை அதன்மேல் வைத்தார்கள்.

நாலு கேள்விக்கும் சேர்த்துக் கட்டிய ஒரே பதில்.
'அண்டை நாடுகளுடனான உறவுக்கு
அரசு மிகுந்த முக்கியத்துவம் அளிக்கிறது.'
பிறகு ஆம்புலன்ஸ்களின் எண்ணிக்கை,
மருந்துப் பெட்டிகள், குறைந்த வட்டிக் கடன்,
இணைப்பு ஒன்றில் அட்டவணை.
ஆம்புலன்ஸ் நல்லதுதான்.
அதில் யாரோ பிழைத்திருப்பார்கள்,
அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
கடைசி வரி:
'மேற்கண்டவற்றைக் கருத்தில்கொண்டு (இ) எழவில்லை.'

இக்பால் பாஷா விரல் வைத்துப் படித்தார்.
உருதுப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுத்துக்கூட்டித்தான்.
அந்த வரியில் விரல் நின்றது.
'யாரும்மா எழவில்லை?'

'கேள்வி, பாய். கேள்விதான்.'

சற்று நேரம் பேசவில்லை அவர்.
பிறகு, 'நாம கொடுத்த ஆம்புலன்ஸ் எதுவரைக்கும் வரும்?'

'எல்லை வரைக்கும்.'

தண்ணீரில்லா ஆறு, ராஜாவில்லாக் கோட்டை என்று
எங்கள் ஊரை அடுக்குகிற பழைய பேச்சு ஒன்று உண்டு.
அதில் ஒரு வரி கூட்டலாமா என்று யோசித்தேன்.
கிண்டல் கூடாது.

அடுத்த கூட்டத்தொடருக்கான அறிவிப்பை
இம்முறை குக்கரிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.
வெட்டுவதானால் செயலகம் வெட்டிக்கொள்ளட்டும்.
எண்ணிக்கையைச் சரிபார்க்க லாட்ஜுக்குப் போனேன்.
மாடிப்படிக்குக் கீழே, குந்தியபடி,
மூடிகளிலிருந்து ரப்பர் வளையங்களைக் கழற்றி
ஒரு நீல வாளித் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தார்.
மாதம் ஒருமுறை ஊறப்போடுவாராம்.

'காஞ்சுபோனா வெடிச்சிடும்மா.
வந்து சோறு வைக்கிறப்ப
ஆவி நிக்காது.'