கருத்துப் படிவம்

மண்டல அலுவலகத்திலிருந்து நூறு படிவம் வந்தது.
புதிய சின்னம் குறித்துத் தங்கள் கருத்து:
மிக நன்று, நன்று, கருத்தில்லை.
நாலாவது கட்டம் கிடையாது.
எழுதத் தெரியாதவங்களுக்கு நீயே டிக் போடு
என்றார் மேனேஜர்.
தினக்கூலி அட்டெண்டருக்கு
அன்றைக்கு ஒரு பேனாவும் கிடைத்தது.

ஏணி வைத்துச் சங்கைக் கழற்றினார்கள்.
உள்ளே ஒரு செத்த பல்லி, அரைக்கிலோ உப்புத்தூசி,
எப்போதோ நடந்த தேர்தலின் கொடித்துணி.
அந்த இடத்தில் இப்போது இரண்டு அரைவட்டம்,
ஒன்று ஆரஞ்சு, ஒன்று நீலம்,
தொட்டுக்கொள்ளப் போவதுபோல் வந்து
தொடாமல் நிற்கின்றன.

"பேங்குக்கே சங்கு ஊதிட்டாங்க"
என்று முதலில் சொன்னது ஆட்டோ கருமலை.
மதியத்துக்குள் அதையே ஒன்பது பேர்
தாங்களே கண்டுபிடித்ததுபோலச் சொல்லிச் சிரித்தார்கள்.
ஒன்பதுக்கும் நன்று போட்டேன்.
கருமலைக்கு மட்டும் வேறு கவலை:
"சங்கு பேங்க் போன்னு ஏறுவாங்க.
இனிமே என்ன சொல்லி ஏறுவாங்க?"

தொதல் கடை ஹபீப் மரைக்கா
எதிர்ச் சாரியிலிருந்து நெடுநேரம் பார்த்தார்.
"கத்தி பிடிக்கத் தெரியாதவன் வெட்டின துண்டு."
ஷார்ஜாவிலிருக்கும் மகனுக்குப் படம் அனுப்பினார்.
இங்க ஒரு பெட்ரோல் பங்க் இப்படித்தான் இருக்கு வாப்பா
என்று பதில் வந்தது.
நன்று.

மீன் ஏலம் கூவுகிற ஜெசிந்தா கேட்டாள்,
"எவ்வளவு செலவாச்சு?"
தெரியாது என்றேன்.
"தெரியாதுன்னா நெறைய."
இது எந்தக் கட்டம் என்று புரியாமல்
இதற்கும் நன்று.

சங்கு குளிக்கிற சாத்தையா மட்டும்
சுவரோரம் கிடத்தியிருந்த பழைய சங்கின் பக்கத்தில் குந்தினான்.
அதன் சுற்றை விரலால் தொடர்ந்து போய்ப் பார்த்தான்.
"இது இடம்புரி அண்ணே.
ஊரே வலம்புரின்னு நம்பிக் காசு போட்டிருக்கு.
இருபது வருசமா சொல்லணும்னு நெனப்பேன்,
லோன் கேட்டு நிக்கிற நேரத்துல எப்படிச் சொல்ல?"
அவனுக்கு மிக நன்று,
என் சொந்தப் பொறுப்பில்.

தொண்ணூற்றேழாவது படிவம்
ஐந்து வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை.

சின்ன ஏர்வாடியிலிருந்து நாகவள்ளி வந்தாள்.
பாசி எடுக்கிறவள்.
விரல்களில் சுற்றிய துணி இன்னும் ஈரம்.
செல்போன் கடையென்று நினைத்து
ஒருமுறை வாசலைத் தாண்டிப் போய்விட்டு
என் முகத்தை அடையாளம் பிடித்துப் படி ஏறினாள்.
முடிச்சில் முப்பத்தோராயிரம்,
வட்டியோடு கணக்காக.
தோட்டை மீட்க.

தோடு போன வெள்ளிக்கிழமை ஏலத்தில் போயிருந்தது.

"கடுதாசி போடாம எப்படிப் போகும்?"
போட்டிருந்தோம்.
"ரெண்டு கீத்து வரைஞ்ச கவர் ஒண்ணு வந்துச்சு.
விளம்பரம்னு கூரையில சொருகி வச்சிருக்கேன்.
சங்கு போட்ட கவர் வரலையே."

அந்த உறைகளுக்குப் பசை தடவியது நான்.
நாற்பத்திரண்டு உறை.
ஆரஞ்சு பிசிறில்லாமல் விழுந்திருக்கிறதா என்று
ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்து அடுக்கியதும் நான்.

மேனேஜர் விதியைச் சொன்னார், குரல் உயர்த்தாமல்.
கடன் போக மிச்சம் கணக்கில் ஏறும் என்றார்.
தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.
அவள் குடித்தாள்.
டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள், வீட்டில் வைப்பதுபோல.

சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்று
போர்டை அண்ணாந்து பார்த்தாள்.
ஏர்வாடி பஸ் வந்தது. கை காட்டவில்லை.
அடுத்ததும் வந்து போனது.

மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டேன்.
மீதி மூன்று படிவத்தையும் நானே நிரப்பினேன்,
மூன்று கையெழுத்தில்.

சாயங்காலம் மேனேஜர் கூட்டிப் பார்த்தார்.
"கருத்தில்லைன்னு ஒண்ணே ஒண்ணுதானா?
பரவாயில்லையே."
பேனாவை அவர் திருப்பிக் கேட்கவில்லை.