பகல் தூக்கம்

இரவு முழுக்கப் பாயான் லெப்பாசில் வேலை.
விடிந்ததும் தொழிற்சாலைப் பேருந்து
ஜெலுத்தோங் சந்தைக்கு எதிரே இறக்கிவிடும்.
எட்டேகாலுக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டு
என் இரவை நான் தொடங்கும்போது
அதன் வேலைநேரமும் தொடங்கும்.

அதற்குப் பகல் ஷிப்டு.
எனக்கு இரவு ஷிப்டு.
சந்திக்கும் இடம்
என் கணுக்கால்.

மின்தூக்கிக்குப் பக்கத்தில் மாநகர் மன்றம் ஒட்டிய படத்தில்
அது என் முழங்கை நீளம்.
வரிவரியாய்க் கால்கள்.
கடிப்பது பெண்தானாம்,
அதுவும் முட்டைக்காகத்தானாம்.
படித்த அன்று கொஞ்சம் இரக்கம் வந்தது.
படுத்ததும் போய்விட்டது.

பாசார் மாலாமில் பன்னிரண்டு வெள்ளிக்கு
ஒரு மின்மட்டை வாங்கினேன்.
இருட்டில் வீசினால் பட்டென்று ஒரு பொறி,
மயிர் கருகும் நாற்றம்.
அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது,
மறைப்பானேன்.

பக்கத்து வீட்டுக் காக் நோர்லிசாவின் மகன்
ஹாஸிக், பதினோரு வயது,
ஞாயிற்றுக்கிழமை கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றான்.
புதன்கிழமை மருத்துவமனையில் கட்டில் கிடைத்தது.
சுராவுக்குப் பின்னாலிருந்த ஒரே பப்பாளி மரத்தை
நாலே நாளில் நாங்கள் மொட்டையாக்கினோம்.
சாறு கசக்கிறது என்று அவன் அழுதானாம்.
அழுகிறவரைக்கும் பயமில்லை
என்று மாடிப்படியில் யாரோ சொன்னார்கள்.

தினமும் தாழ்வாரத்தில் எண் கேட்போம்.
தொண்ணூற்றிரண்டு.
அறுபத்தொன்று.
நாற்பத்து மூன்று.
ஆறாம் எண் வீட்டு மேடம் இயோ
ஒவ்வொன்றையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டாள்.
அக்கறை என்றுதான் நினைத்தேன்.
சனிக்கிழமை
அவர்கள் வீட்டு எண் பன்னிரண்டை முன்னால் வைத்து
ஆயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்றுக்கு
நாலு எண் சீட்டு எடுத்திருக்கிறாள்.
விழவில்லை.
விழுந்திருந்தால் பாதி அந்தப் பிள்ளைக்குத்தான் என்றாள்.
நம்பினேன்,
பாதி.

மூன்றாம் மாடியில் பூட்டிக் கிடக்கிறது எட்டாம் எண்.
குடியிருந்தவர் எந்த ஊருக்குப் போனாரோ,
கம்பிக் கதவுக்கு உள்ளே வரிசையாய்ப் பூந்தொட்டிகள்,
செடி செத்து, தண்ணீர் மட்டும் பிழைத்து.
கடிபட்ட ஒவ்வொரு முறையும்
அந்தப் பூட்டைத்தான் திட்டினேன்.
திட்டுவதற்கு ஒரு கதவு இருந்தது
வசதியாக இருந்தது.

புகையடிக்க வந்த அன்று
கட்டடமே கீழே இறங்கி நின்றது.
கூண்டோடு கிளி, துண்டுக்குள் பூனை,
உலையை அணைத்துவிட்டு வந்த பெண்கள்,
சட்டை போட மறந்த ஒரு கணக்காளர்.
ஒன்பது வருடமாய் எனக்கு மேலே நாற்காலி இழுப்பவர்
இவர்தான் என்று அன்றுதான் பார்த்தேன்.
ரொம்பச் சாதுவான முகம்.

வெள்ளைப் புகை மாடி மாடியாக ஏறியது.
முதலில் விழுந்தவை கரப்பான்கள்.

பிறகு சோதனை.
சுகாதார அதிகாரி, பெயர்ப்பட்டையில் குணசுந்தரி,
என் குளிர்பெட்டிக்குப் பின்னால் விளக்கடித்தார்.
அங்கே ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது.
தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர்.
தண்ணீரில் நான்கு,
குதித்துக் குதித்து,
நல்ல ஆரோக்கியமாக.

உறிஞ்சு குழலால் எடுத்து
ஒரு சின்னக் குப்பியில் விட்டார்.
குப்பியின் மேல் ஒட்டிய தாளில்
அடையாள அட்டையைப் பார்த்து எழுதினார்:
தேவமனோகரி த/பெ இருசப்பன்.
என் பெயரில் பதிவான முதல் உயிர்கள்.
இதுதான் அதுவா என்று கேட்டேன்.
ஆய்வில் தெரியும் என்றார்.
பூட்டிய வீட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

இப்போது இரவு இரண்டு மணி.
தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை.
இங்கே காற்றைக்கூட வடிகட்டித்தான் விடுவார்கள்.
ஒரு தூசு விழுந்தால் விசாரணை நடக்கும்.
நுண்ணோக்கியில் குனிந்திருக்கிறேன்.
காலணிக்குள், காலுறைக்குள்,
காலையில் வாங்கிய கடி ஒன்று
மெல்ல விழித்துக்கொள்கிறது.
சொறிய முடியாது.
மற்றக் காலால் மிதித்து
அடுத்த சில்லை நகர்த்துகிறேன்.

கைப்பேசி பெட்டகத்தில்.
இன்றைய எண்
காலையில்தான் தெரியும்.